ஏரியில் தண்ணீர் ஏறிவிட்டதா?

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் சாலையில் பாதி வழி கடந்ததும் வடுவூர் வருகிறது. துப்பறியும் நாவல்கள் எழுதிய வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரால் ஒரு தலைமுறைக்கும், கபடியால் அடுத்தடுத்த தலைமுறைகளுக்கும் தெரிந்த ஊர். மார்கழி, தை மாதங்களில் இப்போது அங்கே வந்து இறங்கும் வெளியூர்க்காரர்களில் பலர் நேராக ஏரிக்கரைக்குத்தான் போகிறார்கள். ஏரி 1999இல் பறவைகள் சரணாலயமானது. 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. நூறாண்டுக்கு முன்பும் இதே பருவத்தில் காவிரிப் படுகையின் ஏரிகளைத் தேடி ஆட்கள் வந்தார்கள். வாத்துகளுக்காகவே வந்தார்கள், சுடுவதற்காக.

அந்தப் பயணத்துக்கு ஏற்பாடு பெரிது. கலெக்டர் ஆபீஸ் துரையோ, பட்டணத்து வக்கீலோ, வேட்டைப் பிரியரான மிராசுதாரோ, முதலில் ஊரில் தெரிந்தவருக்குக் கடிதம் எழுதுவார்: “ஏரியில் தண்ணீர் ஏறிவிட்டதா, சிறகி இறங்கிவிட்டதா?” பதில் வந்த பிறகே மற்றவை. டிராவலர்ஸ் பங்களாவில் தங்க அனுமதி வேண்டும். பக்கத்து ஸ்டேஷன் வரை ரயில். அதற்குமேல் மாட்டு வண்டி, சமையல்காரர், கூஜா, அரிக்கேன் விளக்கு. துப்பாக்கிக்கு 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம். பன்னிரண்டு போர் இரட்டைக்குழலுக்கு ஆறாம் நம்பர் ரவை வாத்துக்கு, எட்டாம் நம்பர் உள்ளானுக்கு. படித்தவர் என்றால் ஹியூமும் மார்ஷலும் 1879 முதல் 1881 வரை மூன்று பாகங்களாக வெளியிட்ட வேட்டைப் பறவை நூலும் பெட்டியில் இருக்கும். காங்கிரஸ் மகாசபை தோன்றக் காரணமாக இருந்த அதே ஹியூம்தான். பறவையின் நிறம், குரல், வலசை எல்லாம் அந்த நூலில் உண்டு. கறி எப்படி ருசிக்கும் என்பதும் உண்டு.

வேட்டை வாத்தின் நேரப்படி நடந்தது. ஊசிவால் வாத்தும் கிளுவையும் பகலில் ஏரியின் நடுவே கூட்டமாக அடைந்திருக்கும். பொழுது சாய்ந்ததும் நடவு வயல்களுக்கு மேயப் போகும். விடியும் முன் திரும்பும். ஆகவே திரும்பும் வழியில் கோரைக்குள் இடுப்பளவு நீரில் நின்று காத்திருக்க வேண்டும். எந்த மதகின் மேலாகப் பறந்து வரும், காற்று எந்தப் பக்கம், நிலா எப்போது மறையும் என்பதெல்லாம் துரைக்குத் தெரியாது. கூட வந்த உள்ளூர் ஆளுக்குத் தெரியும். உள்ளான் வேட்டையில் அவர் முன்னே நடந்து வரப்பின் ஓரத்தைக் கலைப்பார். உள்ளான் கோணல்மாணலாக எழும்பும்போது சுடுவது துரையின் வேலை. விழுந்ததைச் சேற்றிலிருந்து எடுத்து வருவதும் அந்த ஆளே. எத்தனை பறவை விழுந்தது என்பது துரையின் குறிப்பேட்டில் ஏறியது. வழிகாட்டியின் பெயரைக் குறித்தவர்கள் மிகக் குறைவு.

வேட்டை ஒரே நாளில் நின்றுவிடவில்லை. 1912ஆம் ஆண்டின் காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், சுடக்கூடாத பருவத்தை அறிவிக்கும் அதிகாரத்தை மாகாண அரசுகளுக்குத் தந்ததோடு நின்றது. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில்கூட வாத்துகள் ‘சிறு வேட்டை’ப் பட்டியலில் இருந்தன, உரிமம் பெற்றுச் சுடலாம். அந்த வாசலை அடைத்தது 1991ஆம் ஆண்டின் திருத்தம். இன்று ஒரு சிறகியைக் கொன்றால் மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். சட்டம் சரியானது, அதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் பொழுதுபோக்குக்காகச் சுட்டவர்கள் துப்பாக்கியை அலமாரியில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனார்கள். கண்ணி வைத்தும் நாட்டுத் துப்பாக்கியால் சுட்டும் பிழைத்த நரிக்குறவர்களுக்கு அப்படி ஓர் அலமாரி இல்லை. ஊசி, பாசிமணி விற்பதே முழுப் பிழைப்பாயிற்று. பறவையின் குரலை வாயாலேயே எழுப்பி அதை அருகில் வரவழைக்கும் வித்தை அவர்களிடம் இருந்தது. அதைக் கற்றுக்கொண்டு கணக்கெடுப்புக்குப் பயன்படுத்தலாம் என்று எந்த அலுவலகமும் நினைத்ததாகத் தெரியவில்லை. அவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது 2022 டிசம்பரில்.

வேட்டைக்காரர்களால் அறிவியலுக்கு ஒரு நன்மையும் விளைந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் சாலிம் அலியின் தலைமையில் 1959இல் தொடங்கிய வலசை ஆய்வில், பறவையின் காலில் சிறு உலோக வளையம் பூட்டி விட்டார்கள். கழகத்தின் முகவரியும் ஓர் எண்ணும் அதில் பொறித்திருக்கும். டெல்டாவின் தென்கோடியான கோடிக்கரையிலும் அந்தப் பணி நடந்தது. இந்தியாவில் வளையமிட்ட வாத்துகள் எங்கே போயின என்பது, சோவியத் நாட்டில் அவற்றைச் சுட்டவர்கள் வளையத்தைக் கழற்றி அனுப்பிய பிறகே தெரிந்தது. பறவை செத்தால்தான் செய்தி வரும். இப்போது முதுகில் கட்டிய சிறு கருவி செயற்கைக்கோள் வழியே நாளும் இடம் சொல்கிறது. பறவையும் பிழைக்கிறது.

இன்றைய பயணத்துக்குக் கடிதம் வேண்டாம். ஏரிக்கு நீர் தரும் மேட்டூர் அணையின் நீர்மட்டம் தினமும் செய்தியில் வருகிறது. யார் எந்த ஏரியில் எதைப் பார்த்தார்கள் என்பது ‘இபேர்ட்’ செயலியில் அன்றைக்கே தெரிகிறது. மன்னார்குடிக்கு 2011 முதல் மீண்டும் ரயில் உண்டு. ஓர் இருகண்ணோக்கி, ஒரு குறிப்பேடு, குடிநீர் போதும். பொங்கல் விடுமுறையில் பள்ளிப் பிள்ளைகள்கூடப் பறவைகளை எண்ணிப் பதிகிறார்கள். அன்று குறிப்பேட்டில் ஏறியது செத்த பறவைகளின் எண்ணிக்கை. இன்று பதிவாவது உயிரோடிருப்பவற்றின் எண்ணிக்கை. இதற்கு மேல் பெரிய லாபம் எதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

தண்ணீர்தான் முன்போல உறுதியாக இல்லை. மேட்டூர் அணை 1934இல் வந்தது. ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது மரபு. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வடுவூர் போன்ற ஏரி நிரம்புவது இந்த நீரையும் ஐப்பசி, கார்த்திகை மழையையும் பொறுத்தது. இரண்டும் பொய்த்த ஆண்டில் எந்தச் செயலியாலும் பயனில்லை.

இன்னொன்று கண்ணுக்கு எளிதில் படாது. சரணாலயம் சுமார் 112 ஹெக்டேர். நாட்டுக் கருவேலத்தில் கூடு கட்டவும் நீரில் பகலைக் கழிக்கவும் அது போதும். இரவு மேய்ச்சல் வெளியே, வயலில். 1960இல் தஞ்சை மாவட்டத்தில் தொடங்கிய வேளாண் பேக்கேஜ் திட்டமும், சில ஆண்டுகளில் வந்த ஏ.டி.டி. 27 நெல்லும் விளைச்சலைக் கூட்டின. பஞ்சத்தைத் தள்ளி வைத்தன. உரமும் பூச்சிமருந்தும் அவற்றோடு வந்தன, களைக்கொல்லி பின்னால் வந்தது. மடையைத் திறந்தால் கெண்டையும் நத்தையும் வந்த வயலைப் பெரியவர்கள் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அன்று ஏரியில் குண்டு காத்திருந்தது, வயலில் இரை நிறைந்திருந்தது. இன்று ஏரியில் காவல் இருக்கிறது. வயலுக்குக் காவல் இல்லை. அங்கே வலையில் சிக்கிய மடையானும் கொக்கும் சாலையோரம் விலைக்கு வருவதும் இன்னும் நிற்கவில்லை.

போக நினைப்பவர்கள் தைக்குள் போய்விடுங்கள். மாசி, பங்குனியில் நீர் வற்றத் தொடங்கிவிடும். காலை ஆறு மணிக்குக் கரையில் நிற்க வேண்டும்; அப்போதுதான் வாத்துகள் வயலிலிருந்து திரும்பும். பறவைகளைப் பார்த்து முடித்ததும் ஏரிக்கரையோடு திரும்பிவிடாமல் வயல் பக்கம் ஒரு மைல் நடந்து, இந்தப் போகம் என்ன மருந்து அடித்தார்கள் என்று அங்கே நிற்பவரிடம் கேளுங்கள்.