அரிக்கமேடு: ஓர் ஓட்டுத் துண்டு சொன்ன செய்தி

"உள்ளூர் மாடு உள்ளூரில் விலை போகாது" என்பது பழமொழி. இது ஊர்களுக்கும் பொருந்தும். விடுமுறை வந்தால் நாம் ஊட்டி, கொடைக்கானல் என்று புறப்பட்டு விடுகிறோம். ஆனால், பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிக்கு வருவதற்கு ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே கடல் வாணிகத்தில் சிறந்திருந்த ஒரு பட்டினம் நமக்கு மிக அருகில் இருக்கிறது. அதுதான் அரிக்கமேடு.

புதுச்சேரிக்குத் தெற்கே சுமார் நான்கு கிலோமீட்டர் தொலைவில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இவ்விடம் உள்ளது. ரெட்டியார்பாளையத்திலிருந்து காலையில் புறப்பட்டால் மதிய உணவுக்கு வீடு திரும்பி விடலாம். சென்ற கோடை விடுமுறையில் அப்பா என்னையும் தம்பியையும் அங்கு அழைத்துச் சென்றார். கோட்டையும் கோபுரமும் இருக்கும் என்று எண்ணிச் சென்ற எங்களுக்கு மரங்களும் மண்மேடும் இடிந்த செங்கல் சுவர்களுமே கண்ணில் பட்டன. "என்னப்பா, இதைப் பார்க்கவா வந்தோம்?" என்று தம்பி முகம் சுளித்தான். அந்தச் சுவர்களும் பண்டைக் காலத்தவை அல்ல. 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மறைப்பணியாளர்கள் கட்டிய இல்லத்தின் எச்சங்கள். பழைய பட்டினம் நம் காலடியில், மண்ணுக்குள் இருக்கிறது.

அது வெளிப்பட்ட வரலாறு சுவையானது. மழை பெய்து மண் கரையும் போதெல்லாம் அங்கே வண்ண வண்ண மணிகள் வெளியே தெரியும். ஊர்ச் சிறுவர்கள் அவற்றைப் பொறுக்கி விளையாடுவார்கள். புதுச்சேரியில் பணியாற்றிய பிரெஞ்சுப் பேராசிரியர் ழுவோ துப்ராய் இவற்றின் அருமையை உணர்ந்தார். உரோமைப் பேரரசர் அகுஸ்துவின் தலை செதுக்கப்பட்ட கல் ஒன்றும் 1937-இல் அவருக்குக் கிடைத்தது. நம் ஆண்டவர் இயேசு பிறந்த காலத்தில் ஆட்சி செய்தவர் இந்த அகுஸ்துவே!

பின்னர் 1945-இல் இந்தியத் தொல்லியல் துறைத் தலைவராயிருந்த மார்ட்டிமர் வீலர் இங்கு அகழாய்வு நடத்தினார். அவருக்குப் பெரிதும் உதவியது பொன்னோ மணியோ அன்று; உடைந்த சிவப்பு ஓட்டுத் துண்டுகளே! இத்தாலியில் அரெஸ்ஸோ என்றொரு பழைய நகரம் உண்டு. உரோமை, புளோரன்ஸ் நகரங்களைப் போல அதன் பெயர் பலருக்குத் தெரியாது. அங்குள்ள புனித பிரான்சிஸ் ஆலயத்தில் திருச்சிலுவையின் கதையைக் கூறும் புகழ்பெற்ற சுவரோவியங்கள் உள்ளன. பண்டைக் காலத்தில் அந்நகரத்துக் குயவர்கள் பளபளப்பான சிவப்புத் தட்டுகளைச் செய்து, தம் பெயரை முத்திரையாகப் பதித்து, பல நாடுகளுக்கு அனுப்பினார்கள். அத்தட்டுகள் அரிக்கமேட்டு மண்ணிலும் கிடைத்தன.

இதனால் என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். அந்தத் தட்டுகள் கிறிஸ்து பிறப்பை ஒட்டிய சுமார் நூறு ஆண்டுகள் மட்டுமே செய்யப்பட்டவை. ஆகவே, அவை எந்த மண் அடுக்கில் கிடைக்கின்றனவோ, அந்த அடுக்கின் காலம் தெரிந்துவிடுகிறது. அதே அடுக்கில் கிடக்கும் நம் நாட்டுப் பானைகளின் காலமும் தெரிந்துவிடுகிறது. அதே வகைப் பானைகள் தென்னிந்தியாவில் வேறு எங்கே கிடைத்தாலும், அந்த ஊர்களின் காலத்தையும் கணிக்க முடிகிறது. ஓர் ஓட்டுத் துண்டு எத்தனை ஊர்களின் வயதைச் சொல்லிவிட்டது, பாருங்கள்!

அரிக்கமேடு உரோமையர் அமைத்த ஊர் என்று சிலர் எண்ணுகின்றனர். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அம்மையார் நடத்திய அகழாய்வு இதைத் தெளிவுபடுத்தியது. உரோமை வாணிகம் வருமுன்னரே இங்கு மக்கள் வாழ்ந்தனர். அது நின்ற பின்னும் வாழ்ந்தனர். தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும் இங்கே கிடைத்துள்ளன. கண்ணாடியைக் குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, சின்னஞ்சிறு மணிகள் செய்யும் தொழில் இங்கு நடந்தது. இரண்டு கைப்பிடிகளும் கூரிய அடியும் கொண்ட சாடிகளில் மத்தியதரைக் கடல் நாடுகளின் திராட்சை மது இங்கு வந்திறங்கியது. பழைய கிரேக்கக் கடல்வழி நூலான 'பெரிப்ளூஸ்' குறிப்பிடும் 'பொதுகே' என்னும் துறைமுகம் இதுவே என்பது அறிஞர் பலரின் கருத்து.

அன்புத் தோழியரே, அரிக்கமேட்டிற்குச் செல்வோரிடம் ஒரு கெட்ட வழக்கம் உண்டு. நினைவுப் பொருளாக ஒரு மணியையோ ஓட்டையோ பையில் போட்டுக் கொண்டு வந்துவிடுகிறார்கள். மண்ணில் இருந்த இடத்தை விட்டு எடுத்தவுடன் அது பேச்சிழந்துவிடுகிறது. எந்த அடுக்கில், எதன் அருகில் கிடந்தது என்று பிறகு யாராலும் கூற முடியாது. நூலிலிருந்து ஓர் ஏட்டைக் கிழித்து வருவதற்கு இது ஒப்பாகும். ஒவ்வொருவரும் ஓர் ஏடு கிழித்தால் நூலில் என்ன மிஞ்சும்?

ஆகவே, அடுத்த விடுமுறையில் பெற்றோருடன் முதலில் பாரதி பூங்கா அருகிலுள்ள புதுச்சேரி அருங்காட்சியகத்திற்குச் சென்று, அரிக்கமேட்டு மணிகளையும் ஓடுகளையும் பாருங்கள். பிறகு அரிக்கமேட்டிற்குச் செல்லுங்கள். அப்போது அந்த வெறும் மண்மேடு உங்கள் கண்ணுக்கு வேறாகத் தோன்றும். கண்டு மகிழுங்கள், காலடியில் கிடப்பதை அங்கேயே விட்டு வாருங்கள். நாளை இப்பள்ளியில் பயிலப்போகும் நம் தங்கைமாருக்கும் அந்த மண் சொல்ல வேண்டிய செய்திகள் இன்னும் எவ்வளவோ உள்ளன.