தொக்கணமும் மன அமைதியும்

உடம்பைப் பிடித்துவிடும் கலையை இன்று உலகம் 'மசாஜ்' என்னும் பிரெஞ்சுச் சொல்லால் வழங்குகிறது. அச்சொல்லின் வரலாற்றில் நம் புதுச்சேரிக்கும் ஒரு சிறு தொடர்பு உண்டு என்பது மாணவர்களுக்கு வியப்பளிக்கலாம்.

லெ ழாந்தி என்னும் பிரெஞ்சு வானநூலறிஞர், வெள்ளிக் கோள் ஞாயிற்றின் குறுக்கே செல்லும் காட்சியைப் புதுச்சேரியிலிருந்து அளந்தறிய விரும்பி 1760ஆம் ஆண்டு கப்பலேறினார். அவர் வந்து சேருமுன் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1761 ஜூன் 6ஆம் நாள் அவர் நடுக்கடலில் இருந்தார். ஆடுகின்ற கப்பலில் நின்று எதை அளப்பது? அடுத்த வாய்ப்பு எட்டாண்டுகள் கழித்தே வரும். மனிதர் ஊர் திரும்பவில்லை. காத்திருந்து, 1768இல் புதுச்சேரிக்கு வந்து, இடிந்து கிடந்த கோட்டையில் தம் கருவிகளை நிறுவினார். 1769 ஜூன் 4ஆம் நாள் காலையில் மேகம் வந்து மூடிக்கொண்டது. கோள் கடந்து முடிந்த பிறகே வானம் வெளுத்தது! இரண்டு வாரங்களுக்கு மேல் எழுதுகோலை எடுக்கவும் மனமின்றி அவர் சோர்ந்து கிடந்தார். அந்நாள்களில் யாரேனும் அவருக்குக் கைகால் பிடித்துவிட்டிருக்கலாகாதா என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அவர் தாயகம் திரும்பி, இந்தியக் கடற்பயணத்தைப் பற்றி எழுதிய நூலின் முதற்பகுதி 1779இல் வெளிவந்தது. கைகளால் உடம்பைத் தேய்த்து அழுத்துதல் என்னும் பொருளில் 'மஸே' என்ற வினைச்சொல் பிரெஞ்சு மொழியில் முதன்முதல் ஆளப்பட்ட இடமாகச் சொல்லாராய்ச்சியாளர் காட்டுவது இந்நூலையே. தொடுதலைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து அது வந்தது என்பர் ஒரு சாரார். மாவு பிசைதலைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது என்பர் மற்றொரு சாரார்.

நமக்கோ இச்செயலுக்குச் சொற்பஞ்சம் இல்லை. சித்த மருத்துவத்தில் புற மருத்துவ முறைகள் 32. அவற்றுள் ஒன்று தொக்கணம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அது ஒன்பது வகைப்படும். ஐரோப்பியர் தம் முறையில் மாவு பிசைவது போன்ற செயலுக்குப் 'பெத்ரிஸாழ்' என்றும், தட்டுதலுக்குத் 'தபோத்மான்' என்றும் பிரெஞ்சுப் பெயரிட்டனர். தொலைவிலுள்ள இரு நாட்டாரின் கைகள் ஒரே செயலைக் கண்டுபிடித்திருக்கின்றன.

இனி, தோலில் படும் கை மனத்தை எவ்வாறு எட்டுகிறது என்று பார்ப்போம். நம் தோலில் தொடு உணர்ச்சியைக் கொண்டு செல்லும் நரம்பிழைகள் இரு திறத்தன. தடித்த இழைகள் மின்னலென ஓடி, எங்கே, எது பட்டது என்று மூளைக்கு அறிவிக்கின்றன. மற்றவை மிக மெல்லியவை. விநாடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர் வேகத்தில் தவழ்ந்து செல்பவை. இவை மயிர் முளைக்கும் தோலில் மிகுதியாக உள்ளன. குத்தினாலும் கிள்ளினாலும் அன்று, வெதுவெதுப்பான கை விநாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வரை மெல்ல வருடும்போதே இவை நன்கு கிளர்ச்சியுறுகின்றன. இவற்றின் செய்தி உணர்வுகளோடு தொடர்புடைய மூளைப் பகுதியைச் சென்றடைகிறது. தாய் குழந்தையை இயல்பாகத் தடவிக்கொடுக்கும் வேகமும் ஏறக்குறைய இதுவே. அவளுக்கு யாரும் அளவுகோல் கொடுக்கவில்லை!

என் சிறுவயதில் சனிக்கிழமைதோறும் பாட்டி எண்ணெய் தேய்த்துவிடுவார். வாரம் முழுதும் வாய் திறவாமல் வைத்திருந்த பள்ளிக்கூடத்து வருத்தங்களெல்லாம் அப்போதுதான் என் வாயிலிருந்து வெளிவரும். பாட்டி கேள்வி எதுவும் கேட்கமாட்டார். முதுகுப்பக்கம் நின்று தேய்ப்பவரிடம் முகம் காட்டாமலே பேசிவிடலாம் அல்லவா? தமிழில் 'பிடித்தல்' என்ற ஒரே சொல் கையின் செயலையும் மனத்தின் விருப்பத்தையும் குறிப்பது பற்றி நான் பலமுறை எண்ணி மகிழ்ந்ததுண்டு.

ஆனால் இத்தகைய கைகளை நம் சமுதாயம் எவ்வாறு நடத்தியது என்பதையும் சொல்லாமல் விடலாகாது. சிற்றூர்களில் சவரத் தொழில் செய்த குடும்பத்தாரே நெடுங்காலம் வைத்தியமும் பார்த்தனர். அக்குடும்பத்துப் பெண்கள் மருத்துவச்சிகளாக இருந்து பிரசவம் பார்த்தனர். பிறந்த குழந்தையைக் கைகால் நீவிக் குளிப்பாட்டினர். நோவு வந்தபோது அவர்கள் கை வேண்டியிருந்தது. நோவு தீர்ந்ததும் அவர்களுக்குத் திண்ணையில் இடமில்லாமற் போயிற்று. 1964இல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது. பரம்பரையாகக் கைமாறி வந்த வைத்தியத்தை எக்குடியிற் பிறந்தவரும் அங்கே பட்டப்படிப்பாகக் கற்கலாம். கற்பவர்கள் பழைய கைகளை மறவாதிருப்பார்களாக.

தொக்கணத்தின் எல்லையையும் அறிந்திருத்தல் வேண்டும். அது பதற்றத்தைச் சில பொழுது தணிக்கும். இறுகிய தசையைத் தளர்த்தும். நாள் கணக்கில் உணவும் உறக்கமும் செல்லாது, வாழ்வே வேண்டாமெனத் தோன்றும் நிலைக்கு அதனை மருந்தாக நம்பியிருத்தல் கூடாது. மனநல மருத்துவரை நாட வேண்டும். காய்ச்சல், எலும்பு முறிவு, ஆறாத புண் இவை உள்ளபோது பிடித்துவிடலாகாது. காரணமின்றி ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் கைவைக்கவே கூடாது. உள்ளே உறைந்த குருதிக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்துவிடக்கூடும். விரும்பாதவரைத் தொடுவதும் கூடாது. அத்தகைய தொடுகை அச்சத்தையே தரும். வேண்டாமெனச் சொல்லும் உரிமை சிறு குழந்தைக்கும் உண்டு.

தேர்வுக்கு முந்திய இரவில் நெஞ்சு படபடக்கும் மாணவர் ஒன்று செய்து பார்க்கலாம். உடன்பிறந்தார் ஒருவரை அருகில் அமர்த்தி, வெதுவெதுப்பான நல்லெண்ணெய் சில துளி விட்டு, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை மெல்ல வருடச் சொல்லுங்கள். ஒரு வருடலுக்கு ஐந்து விநாடி ஆகட்டும்; அவசரம் வேண்டா. கைக்கு ஐந்து நிமிடம் போதும். பிறகு புத்தகத்தைத் திறக்கலாம். உறக்கம் வந்துவிட்டால் உறங்கிவிடுங்கள், குற்றமில்லை.