திருட்டு லிங்க்கை விரட்டுவது சட்டமா, சந்தா விலையா?

2021 டிசம்பர் 14 அன்று ஓடிடி ரசிகர்களுக்கு இரண்டு செய்திகள் வந்தன. நெட்ஃபிளிக்ஸ் தன் மொபைல் பிளானை 199 ரூபாயிலிருந்து 149-க்கும், பேசிக் பிளானை 499-லிருந்து 199-க்கும் குறைத்தது. அதே நாளில் அமேசான் பிரைம் ஆண்டுச் சந்தா 999-லிருந்து 1,499 ரூபாயானது.

சரி, ஒரு குடும்பத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆகும்? மொபைல் பிளானில் டிவியில் பார்க்க முடியாது. ஒரே நேரத்தில் இரண்டு திரைகள் வேண்டுமென்றால் நெட்ஃபிளிக்ஸுக்கு மாதம் 499 ரூபாய். பிரைமையும் சேர்த்தால் அந்த விலைப்படி ஆண்டுக்கு 7,487 ரூபாய்! கிரிக்கெட்டுக்கும் சீரியலுக்கும் வேறு ஓடிடி வாங்கினால் இன்னும் ஏறும். பலர் டெலிகிராமில் லிங்க் தேடுவது இங்கேதான் ஆரம்பிக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

2023-ல் திருத்தப்பட்ட சினிமாட்டோகிராஃப் சட்டப்படி, தியேட்டரில் படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்தால் 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. அபராதம் குறைந்தது 3 லட்சம் ரூபாய்.

ஆனாலும் திருட்டு நிற்கவில்லை. இ.ஒய் நிறுவனமும் இந்திய இணையம் மற்றும் மொபைல் சங்கமும் 2024-ல் வெளியிட்ட அறிக்கை, 2023-ல் திருட்டுச் சந்தையின் மதிப்பு 22,400 கோடி ரூபாய் என்கிறது. அதிகச் சந்தாக் கட்டணம், பல சந்தாக்களைச் சமாளிக்கும் சிரமம், விரும்பிய படம் கிடைக்காதது ஆகியவையே முக்கியக் காரணங்களாம். விளம்பரம் வந்தாலும் பரவாயில்லை, இலவசமாகத் தந்தால் முறையான தளத்துக்கு வரத் தயார் என்று திருட்டுத்தளப் பார்வையாளர்களில் 64 சதவிகிதம் பேர் சொல்லியிருக்கிறார்கள்.

இதற்கு ஓர் உதாரணமும் உண்டு. 2023 உலகக் கோப்பை கிரிக்கெட்டை ஹாட்ஸ்டார், விளம்பரங்களோடு மொபைலில் இலவசமாகக் காட்டியது. இறுதிப்போட்டியை ஒரே நேரத்தில் 5.9 கோடி பேர் வரை பார்த்தார்கள்.

செலவைக் குறைக்க...

* எல்லா ஓடிடியையும் ஒன்றாக வாங்காமல், மாதம் ஒன்று என மாற்றி மாற்றி எடுக்கலாம்.

* மொபைல் ரீசார்ஜ், பிராட்பேண்ட் பிளானோடு எந்த ஓடிடி இலவசமாக வருகிறது என்று முதலில் பாருங்கள்.

* பட நிறுவனங்களின் அதிகாரபூர்வ யூடியூப் சேனல்களில் பழைய தமிழ்ப் படங்கள் முழுதாகக் கிடைக்கின்றன.

* 'புதுப்படம் இலவசம்' என்று வரும் ஏபிகே ஃபைலை இன்ஸ்டால் செய்யவே வேண்டாம். அதில் ஒளிந்திருக்கும் வைரஸ் உங்கள் எஸ்.எம்.எஸ்ஸில் வரும் ஓடிபியைப் படித்துவிட்டால், சந்தாவில் மிச்சம் பிடித்ததைவிடப் பல மடங்கு வங்கிக் கணக்கிலிருந்து போய்விடும்.