இரண்டே அணிகள், இருபது ஆண்டுகள்

தேசிய லீக் என்றால் நாலைந்து ஊர் அணிகளாவது மோதவேண்டும். கிழக்கு ஜெர்மனியின் ஐஸ் ஹாக்கி லீக்கான ஓபர்லிகாவில் 1970 முதல் 1990 வரை இருந்தவை இரண்டே அணிகள்: டைனமோ பெர்லின், டைனமோ வைஸ்வாசர். முன்னது தலைநகரத்து அணி. பின்னது, போலந்து எல்லையருகே கண்ணாடித் தொழிலை நம்பியிருந்த ஒரு சிற்றூரின் அணி.

அந்தச் சிற்றூரைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. குளத்துப் பனியில் ஆடிப் பழகிய வைஸ்வாசர், 1951 தொடங்கி 1965 வரை 15 ஆண்டுகள் பட்டத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. 1966இல் தேசிய அணி ஐரோப்பிய வரிசையில் வெண்கலம் வென்றது. 1968இல் கிரெனோபிள் ஒலிம்பிக்கிலும் ஆடியது. ஆட்டம் வளர்ந்துகொண்டிருந்த நேரத்தில்தான் கத்தி விழுந்தது.

விளையாட்டுத் துறையைக் கையில் வைத்திருந்த மான்ஃபிரெட் ஏவால்ட் பதக்கக் கணக்குப் பார்த்தார். இருபது பேருக்குப் பயிற்சி, செயற்கைப் பனி அரங்கு, பயணம் என்று செலவழித்தாலும் ஹாக்கியில் கிடைக்கக்கூடியது ஒரே பதக்கம். அதே பணத்தில் நீச்சலிலும் தடகளத்திலும் பல பதக்கங்கள். கிரிமிட்ஷாவ், ரோஸ்டாக், எர்ஃபுர்ட் போன்ற ஊர்களின் அணிகளுக்கு ஆதரவு நின்றது. அங்கே ஹாக்கி வெறும் பொழுதுபோக்காகச் சுருங்கியது. எஞ்சிய இரண்டும் டைனமோ சங்கத்தைச் சேர்ந்தவை. அதன் தலைவர் ரகசியப் போலீஸ் அமைச்சர் எரிக் மீல்கே, ஹாக்கிப் பிரியர். அந்தச் செல்வாக்குதான் இவற்றைக் காப்பாற்றியது என்பார்கள்.

உலகின் மிகச் சிறிய லீக் என்று இதை வேடிக்கையாகச் சொல்வதுண்டு. எனக்கு அதில் வேடிக்கை தெரியவில்லை. ஆண்டுதோறும் அதே முகங்கள், அதே எதிராளி. வேறு ஊரில் பிறந்த திறமைசாலிச் சிறுவனுக்குக் கதவே இல்லை. இந்த இரு அணிகளின் வீரர்களை மட்டும் வைத்துக்கொண்டு 1974, 1976, 1978, 1983, 1985 ஆகிய ஆண்டுகளில் உலக சாம்பியன்ஷிப்பின் முதல் பிரிவில் ஆடினார்கள் என்பதுதான் வியப்பு. ஆடும் காலத்தில் நட்சத்திரமாக இருந்து, பிறகு பெர்லினுக்கும் தேசிய அணிக்கும் பயிற்சியாளரான யோவாகிம் சீஷேவுக்கு அதில் பெரும் பங்குண்டு.

மொத்தக் கணக்கில் வைஸ்வாசருக்கு 25 பட்டங்கள், பெர்லினுக்கு 15. கடைசிப் பட்டமும், 1990இல், சிற்றூருக்கே. அவ்வாண்டே இரண்டும் மேற்கு ஜெர்மனியின் புண்டஸ்லிகாவில் சேர்ந்தன. பெர்லின் அணி ‘ஐஸ்பேரன்’ என்ற பெயரில் 2005இல் ஒன்றுபட்ட ஜெர்மனியின் பட்டத்தை முதன்முறையாக வென்றது. வைஸ்வாசர் இரண்டாம் நிலை லீக்கில் ஆடிவருகிறது. 1970இல் கைவிடப்பட்ட கிரிமிட்ஷாவும் அதே லீக்கில் அதை எதிர்த்து ஆடுகிறது.