பாடாமல் போன பாட்டு!

பத்துப் பாட்டுகள் அடங்கிய இசைத்தட்டு. ஐந்தாவது பாட்டு துவங்குகிறது. டிரம் அதிர்கிறது, கிதார் முழங்குகிறது, ஆர்கன் இழைகிறது. பாடகியின் குரலை மட்டும் காணோம்! இரண்டரை நிமிடம் ஓடி, பாட்டு முடிந்தும் விடுகிறது. தட்டிலே பழுதோ? இல்லை. கேட்பவர் காதிலே கோளாறோ? அதுவும் இல்லை. பாட வேண்டியவர், பாட வேண்டிய நாளன்று உயிரோடு இல்லை!

1971-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அமெரிக்காவில் வெளிவந்த 'பேர்ல்' எனும் இசைத்தட்டைப் பற்றித்தான் கூறுகிறோம். பேர்ல் என்றால் முத்து. ஜானிஸ் ஜோப்ளினின் செல்லப் பெயர் அது. டெக்சாஸ் மாநிலத்து எண்ணெய் நகரமான போர்ட் ஆர்தரில் 1943-ல் பிறந்த வெள்ளையினப் பெண் அவர். ஆனால், அவர் உள்ளத்தைக் கொள்ளை கொண்டதோ கறுப்பின மக்களின் 'புளூஸ்' இசை! அடக்கப்பட்டோரின் பெருமூச்சிலே பிறந்த அந்த இசையைத் தொண்டை கிழியப் பாடினார். நாடே திரும்பிப் பார்த்தது.

1970 அக்டோபர் முதல் வாரம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் 'சன்செட் சவுண்ட்' ஒலிப்பதிவுக்கூடத்தில் வேலை மும்முரமாக நடக்கிறது. முதல் தேதியன்று 'மெர்சிடிஸ் பென்ஸ்' என்ற பாட்டை, வாத்தியம் ஏதுமின்றி வெறுங்குரலிலே பாடிப் பதிந்தார். மூன்றாம் தேதி, நிக் கிரேவனைட்ஸ் இயற்றிய 'பரீட் அலைவ் இன் தி புளூஸ்' என்ற பாட்டுக்கு வாத்தியக் குழுவினர் இசையை முடித்து வைத்திருந்தனர். ஜோப்ளின் வந்து கேட்டார். மறுநாள் குரல் கொடுப்பதென்று முடிவாயிற்று. மறுநாள் அவர் கூடத்துக்கு வரவில்லை. விடுதி அறையிலே இறந்து கிடந்தார். ஹெராயின் எனும் போதை நஞ்சு, 27 வயதிலே அவரை மாய்த்துவிட்டது. பாடாமல் போன அந்தப் பாட்டின் தலைப்புக்குப் பொருள் என்ன தெரியுமா? 'புளூசுக்குள் உயிரோடு புதையுண்டு' என்பது!

தயாரிப்பாளர் பால் ராத்சைல்டும் வாத்தியக் குழுவினரும் என்ன செய்வது? பாட்டையே தள்ளிவிடலாம், வேறொருவரைப் பாடவைத்து நிரப்பிவிடலாம். வணிகக் கண்ணுக்கு இரண்டுமே நியாயம்தான். அவர்களோ, குரலற்ற இசையை அப்படியே தட்டில் வைத்தனர். அரைகுறை என்று மக்கள் ஒதுக்கினரா? அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 9 வாரங்கள் முதலிடத்தில் அமர்ந்தது அந்தத் தட்டு!

மற்றப் பாட்டுகளையும் அவர் மறைந்த பிறகு பிறர்தானே செப்பனிட்டனர் என்று கேட்கலாம். ஆம், செப்பனிட்டனர். அதைக் குற்றமென்று நாம் கூறவில்லை. கூட இருந்து உழைத்தவர்கள், அவர் பாடியதற்கு மெருகேற்றித் தந்தனர். பாடாததைப் பாடியதாகக் காட்டவில்லை. அங்கேதான் இருக்கிறது நேர்மை!

மறுபக்கத்தையும் பார்ப்போம். ஜோப்ளினுக்கு 16 நாட்கள் முன்னதாக, 1970 செப்டம்பர் 18-ல் லண்டனில் மறைந்தார் கிதார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். அவருக்கும் வயது 27. அவர் விட்டுச்சென்ற ஒலிநாடாக்களைக் கொண்டு, 1975-ல் 'கிராஷ் லேண்டிங்' என்ற தட்டை வெளியிட்டார் ஆலன் டக்ளஸ் என்ற தயாரிப்பாளர். எப்படி? ஹெண்ட்ரிக்சுடன் அன்று வாசித்தவர்களின் இசையை அழித்தார்; கூலிக்கு அமர்த்திய வாத்தியக்காரர்களைக் கொண்டு அந்த இடத்தை நிரப்பினார்; சில பாட்டுகளை இயற்றியவர் வரிசையிலே தம் பெயரையும் சேர்த்துக்கொண்டார்! அந்தத் தட்டும் விற்றது; மறுக்கவில்லை. ஆனால் விற்பனை வேறு, நேர்மை வேறு. இறந்தவர் எழுந்து வந்து, 'இது என் பாட்டல்ல' என்று வழக்காடவா போகிறார்?

பழங்கதை இது, நமக்கென்ன என்று இருந்துவிடுவதற்கில்லை. இன்று கணினியைக் கொண்டு, மறைந்தவரின் குரலையே வார்த்தெடுக்கிறார்கள். 2024-ல் வெளியான 'லால் சலாம்' படப் பாட்டொன்றில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் செயற்கை நுண்ணறிவு கொண்டு ஒலிக்கச் செய்தார் ஏ. ஆர். ரகுமான். குடும்பத்தாரின் இசைவைப் பெற்றதையும் ஊதியம் அளித்ததையும் ஊரறியச் சொன்னார். சொன்னாரே, அது நல்லது. சொல்லாமல் செய்ய நினைப்பவர் நாளை வந்தால், கேட்பது யார்? கேட்பவர்களாகிய நாம்தான் கேட்டாக வேண்டும்: எது அவர் பாடியது, எது இயந்திரம் பாடியது என்று!

ஜோப்ளின் தம் சாவுக்கு இரண்டு மாதம் முன்பு ஒரு காரியம் செய்தார். புளூஸ் பேரரசி எனப்பட்ட கறுப்பினப் பாடகி பெஸ்ஸி ஸ்மித் அம்மையார், 1937-ல் மறைந்து, பிலடெல்பியா அருகே கல்லறைக் கல் ஒன்றுகூட இன்றி 33 ஆண்டுகள் கிடந்தார். அங்கே கல் நாட்டும் செலவில் ஒரு பங்கை ஏற்றார் ஜோப்ளின். இறந்தவருக்கு உரியதை இறந்தவருக்கே தரவேண்டும் என்று அறிந்திருந்தவர் அவர். அவருக்கு நாட்டிய நடுகல்தான் அந்த ஐந்தாவது பாட்டு. எத்தனை வல்லமை வாய்ந்த இயந்திரம் வந்தாலும் வரட்டும். அந்த இரண்டரை நிமிடத்தில் எவரும் கைவைக்க வேண்டாம்!