கையிலே பந்து, கண்ணிலே தோழன்

மட்டக்களப்பு என்றதும் வெளியூரார் நெஞ்சில் எழுவன வாவியும், நிலாக்காலத்தில் அதன் அடியிலிருந்து கேட்பதாகச் சொல்லப்படும் மீனின் பாட்டுமே. அப்பாட்டைப் புகழ்ந்து எழுதியோர் பலர். ஆயின், புளியந்தீவிலே பள்ளி மணி ஓய்ந்த பின்னர்க் கேட்கும் மற்றோர் ஓசையும் அந்நகருக்கு உரியதே. சீமெந்துத் தளத்தில் பந்து துள்ளும் ஓசை அது. 1873இல் தோன்றி, இன்று தேசியப் பாடசாலையாக விளங்கும் புனித மிக்கேல் கல்லூரியின் பெயரோடு கூடைப்பந்தாட்டம் பிரிக்கவொண்ணாதபடி இணைந்துவிட்டது. அந்த இணைப்பின் கதை ஒரு விளையாட்டின் கதை மட்டுமன்று. ஓர் ஆசிரியரின் கதையுமாகும்.

இவ்விளையாட்டுப் பிறந்தது பனிக்குளிரில். 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர், வெளியே சென்று விளையாட இயலாத தம் மாணவர் 18 பேருக்காக இதனை வகுத்தார். மண்டபத்தின் மேல்மாடத்துக் கைப்பிடியில், 10 அடி உயரத்தில், பழக்கூடைகள் இரண்டை அறைந்தார். 13 விதிகளை எழுதி ஒட்டினார். முதல் ஆட்டத்தில் பந்து கூடைக்குள் விழுந்தது ஒரே ஒரு தடவைதான். விதிகள் அதன்பின் எத்தனையோ மாறின. கூடையின் அடி திறந்தது, வலை வந்தது. எனினும் அந்த 10 அடி மாறவில்லை. பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடலாகாது என்னும் ஆதி விதியும் மாறவில்லை. பந்து கிடைத்தவன் அதைத் தரையில் தட்டிச் செல்ல வேண்டும். அல்லது தோழனிடம் சேர்க்க வேண்டும். தட்டுவதை நிறுத்திப் பந்தை இரு கையாலும் பற்றிவிட்டானாயின், எய்வதும் கொடுப்பதுமன்றி அவனுக்கு வேறு வழியில்லை. இவ்வாட்டத்தின் அறம் முழுவதும் இந்த ஒரு விதிக்குள் அடங்கியிருக்கின்றது எனலாம்.

பனிநாட்டுப் பிள்ளையாகிய இவ்வாட்டத்தை வெயிலும் உப்புக்காற்றும் மிகுந்த வாவிக்கரையில் வேரூன்றச் செய்தவர்கள் அமெரிக்க இயேசு சபைத் துறவியர். கிழக்கிலங்கையில் அச்சபையின் பணியைத் தொடக்கியோர் பிரெஞ்சு நாட்டவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்து, நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்துத் துறவியர் வரலாயினர். ஓட்டப் பந்தயங்களிலே மாணவரை ஆற்றுப்படுத்திய அருட்தந்தை வெபரின் பெயரை மட்டுநகர் மைதானம் இன்றும் தாங்கி நிற்கின்றது. அருட்தந்தை பெஞ்சமின் மில்லர் 2019ஆம் ஆண்டின் முதல் நாளில் தம் உயிர் பிரியும்வரை இம்மண்ணிலேயே வாழ்ந்தார். அவர்களுள் ஒருவரே கூடைப்பந்தாட்டப் பயிற்சியாளராகப் புகழ்பெற்ற அருட்தந்தை யூஜின் ஜோன் ஹேபர்ட்.

அவர் 1923இல் லூசியானா மாநிலத்தின் ஜெனிங்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூரைச் சூழ்ந்த நிலம் நெல்விளையும் நிலம். அம்மாநிலத்தின் கரையோரமோ சதுப்பும் உப்பேரியும் புயலும் மலிந்தது. வயலும் வாவியும் அவருக்குப் புதியன அல்ல. புதியது மொழியும் மக்களுமே. அவற்றையும் தமதாக்கிக்கொண்டு, திருகோணமலைப் புனித சூசையப்பர் கல்லூரியிலும் மட்டக்களப்பிலும் பல்லாண்டுகள் இளைஞரைப் பழக்கினார்.

ஓர் அணியின் பருவம் எவ்வாறு அமைகின்றது என்பதைச் சற்று நோக்குவோம். ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்றோடு வரும் மழை திறந்தவெளித் தளத்தை நீரால் மூடிவிடும். மழை ஓய்ந்ததும் பயிற்சி தொடங்கும். பின்னர்க் கச்சான் காற்று அனலை அள்ளி வீசும். அப்பொழுதும் பயிற்சி நிற்பதில்லை. 28 மீற்றர் நீளமும் 15 மீற்றர் அகலமும் உடைய ஒரு தளம், இரு கம்பங்கள், ஒரு பந்து — இவை போதும். துடுப்பும் காலுறையும் வாங்கிக் கிரிக்கெட் ஆட வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்கும் இங்கே இடமுண்டு. புதிதாய் வந்தவன் கூடையையே நோக்குவான். பந்து கிடைத்தவுடன் எறிய விழைவான். நல்ல ஆசிரியர் முதலில் மாற்றுவது அவன் கையை அன்று, கண்ணை. யார் தனித்து நிற்கின்றான், யாருக்கு வழி திறந்திருக்கின்றது என்று பார்க்கக் கற்பிப்பதற்கே மாதங்கள் பல செல்லும்.

பின்னர்ப் போட்டிக் காலம் வரும். கொழும்பு 300 கிலோமீற்றருக்கும் அப்பால். இரவுப் புகையிரதத்தில் உறங்கியும் உறங்காமலும் சென்று, தலைநகரத்துப் பெரிய கல்லூரிகளை எதிர்த்து ஆட வேண்டும். பத்து நிமிடங்கள் கொண்ட நான்கு கூறுகளில் ஓராண்டு உழைப்பு முழுவதும் நிறுக்கப்பட்டுவிடும். வென்றால் கேடயம், தோற்றால் அதே நீண்ட பாதையில் மௌனப் பயணம். ஆயினும் அடுத்த திங்களன்று மாலை தளத்தில் மீண்டும் பந்து துள்ள வேண்டும். பருவம் என்பது வெற்றி தோல்விகளின் கணக்கன்று. அவ்வாறு மீண்டும் வந்து நிற்கும் பழக்கமே.

அப்பழக்கத்தை இந்நாடு கொடுமையாகச் சோதித்தது. 1978 நவம்பரில் சூறாவளி மட்டக்களப்பைச் சிதைத்தது. அதன்பின் போர் வந்தது. 1990ஆம் ஆண்டு நடுப்பகுதியில் கிழக்கு மாகாணம் இரத்தக் களமாயிற்று. ஊர்விட்டு ஊர் செல்லவும் மக்கள் அஞ்சிய அந்நாட்களில், 66 வயதான ஹேபர்ட் அடிகள் அல்லலுற்றோருக்கு உதவ வாழைச்சேனைக்குச் சென்றிருந்தார். ஆகஸ்ட் 15ஆம் நாள், தமிழ் இளைஞர் ஒருவரையும் உடன் ஏற்றிக்கொண்டு, இருசக்கர வண்டியில் மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். ஏறக்குறைய 30 கிலோமீற்றர்ப் பாதை. இருவரும் வந்து சேரவில்லை. இன்றுவரை அவர்களைப் பற்றிய தடயமும் இல்லை. எனவே மலர் வைத்து வணங்க ஒரு கல்லறையும் இல்லை.

அவர் அந்நிய நாட்டவர். ஒரு கடவுச்சீட்டும் ஒரு விமானப் பயணமும் அவரை லூசியானாவின் வயல்களுக்குக் கொண்டு சேர்த்திருக்கும். அவர் செல்லவில்லை. பந்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளாதே, தோழனைப் பார் என்னும் பாடம், ஆட்டக்களத்தில் இளைஞர்க்கு உரைப்பதற்கு எளிது. அதனையே வாழ்வின் விதியாகக் கொள்வதற்கு என்ன விலை கொடுக்க நேரும் என்பதை அந்தப் பாதை நமக்குக் காட்டுகின்றது.

போர் 2009இல் முடிந்தது. அதற்கு முன்னரே, 2004இல், ஆழிப்பேரலையும் வந்து போயிற்று. மட்டுநகரில் கூடைப்பந்தாட்டம் மறையவில்லை. இதனைக் கற்பிக்கும் முறை ஏட்டில் எழுதி வைக்கக்கூடியதன்று. கற்றவன் அடுத்தவனுக்குக் கையால் கொடுக்க வேண்டியது. மூத்த மாணவன் ஒருவன், பந்தை மார்போடு அணைத்து நிற்கும் சிறுவனிடம், “தம்பி, பிடிச்சுக்கொண்டு நிக்காத, அங்க பாரு, அவன் தனிய நிக்கிறான், குடு” என்று சொல்லும்போது, யாரிடமிருந்து அச்சொல் தனக்கு வந்தது என்பதை அவன் அறியாமலிருக்கலாம். அறியாவிடினும் குறையில்லை, பந்து கைமாறிவிட்டது.