தட்டிப் பார்த்து வாங்கணும் சார்!

பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து வாங்குவதில் எங்கள் கடலூர் மாவட்டத்துக்காரர்கள் கில்லாடிகள். பழம் இருக்கட்டும், மரத்தையே தட்டிப் பார்த்து வாங்குகிற ஆசாமிகள் உண்டு, தெரியுமோ? தஞ்சாவூரில் வீணை செய்கிறவர்கள்!

விருத்தாசலத்தில் பஸ் ஏறினால் நெய்வேலி, வடலூர் தாண்டிப் பண்ருட்டி. அங்கே வருஷக்கணக்காகக் காய்த்து ஓய்ந்த மரம் லாரி ஏறித் தஞ்சாவூர் போய் வீணையாகிறது. ரிட்டயர்மென்ட்டுக்கு அப்புறம் இப்படி ஒரு போஸ்டிங் நம்மில் யாருக்காவது கிடைக்குமா?

தேக்கு மாதிரிப் பணக்கார மரமெல்லாம் இருக்கும்போது பலா எதற்கு? மடியில் வைத்து வாசிக்கிற அளவுக்குத்தான் கனம். பூச்சி சுலபத்தில் அண்டாது. உளிக்கு வணங்கும். எல்லாவற்றுக்கும் மேலே, நாதம்! மிருதங்கக் கட்டைக்கும் பலாதான் ராஜா.

அதற்காகக் கொல்லையில் நிற்கிற கன்றை வெட்டிக்கொண்டு போனால் விரட்டி விடுவார்கள். முப்பது வருஷமாவது ஆகியிருக்கணும். வெளியே இருக்கிற வெளிறு உதவாது. உள்ளே மஞ்சளாக வைரம் பாய்ந்திருக்கணும். கணு, வெடிப்பு, பூச்சி ஓட்டை கூடாது. பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இவ்வளவு நொள்ளை சொல்ல மாட்டார்கள்!

அப்புறம் காயணும். இது எங்க ஊர்க்காரனுக்குச் சட்டென்று புரியும். பீங்கான் பொம்மையை ஈரத்தோடு சூளையில் வைத்தால் படீர்! மரமும் அதே ஜாதி. அவசரப்பட்டு ஈர மரத்தைக் குடைந்தால் பின்னால் வளையும், வெடிக்கும். 24 மெட்டுக்களையும் மெழுகில் பதித்துச் சுருதி பார்த்து வைத்த பிறகு தண்டி ஒரு நூல் வளைந்தாலும் போச்சு. வாசிக்கிறவர் பாடு திண்டாட்டம்.

குடம், தண்டி, யாளி முகம் எல்லாம் ஒரே கட்டையில் குடைந்தால் ஏகாந்த வீணை. தனித்தனியாகச் செய்து பொருத்தினால் ஒட்டு வீணை. ஏகாந்தத்துக்குப் பருத்த அடிமரம் வேணும். வேலையும் அதிகம், விலையும் அதிகம். ஒட்டு என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள். நல்ல மரத்தில் செய்த ஒட்டு வீணை, சுமாரான மரத்து ஏகாந்தத்தைவிட எவ்வளவோ மேல் என்பது என் கட்சி.

இனிமேல்தான் வயிற்றைக் கலக்குகிற சமாச்சாரம். 2011 டிசம்பர் 30-ந் தேதி தானே புயல் அடித்ததே, ஞாபகமிருக்கா? கடலூர் மாவட்டத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அப்பனும் தாத்தனும் வைத்த மரங்கள். ஒரே ராத்திரியில் காலி. நான் பி.காம். படித்தவன், கணக்குப் போடாமல் இருக்க முடியாது. 2012-ல் நட்ட கன்றுக்கு முப்பது வயசு 2042-ல். அதுவரை மிச்சம் நிற்கிற கிழட்டு மரங்களுக்குத்தான் மவுசு. 2013-ல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். சந்தோஷம். குறியீடு பேரைக் காப்பாற்றும், கட்டைக்கு எங்கே போக?

தங்கைக்கோ பெண்ணுக்கோ வீணை வாங்கத் தஞ்சாவூர் போகிறவர்கள் நகாசு வேலையில் மயங்கி உடனே பர்ஸை எடுக்காதீர்கள். மரம் எந்த ஊர், எத்தனை வயசு, எவ்வளவு நாள் காய்ந்தது என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால் மேற்கொண்டு பேரம் பேசலாம். ரொம்ப அடித்துப் பேசாதீர்கள். குடத்தைக் குடைந்த கைக்கும் கூலி வேணுமே!